ரேணுகாவை வெளியே அனுப்பும் அத்தியாயம்

ஜூன் 9, திங்கள்

வேலைப் பளுவைச் சமாளிப்பது எப்படி என்று ஒருவர் வீடியோவில் பேசினார். பதிப்பாளர் இல்லாமல் தாங்களே நாவல் எழுதித் தாங்களே வெளியிடுகிறவர்கள், அன்றன்றைக்கு என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டுமாம். எழுதினால் நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடுமாம். எனக்கு அது எழுதாமலே தெரியும். இருந்தாலும் யாரோ கொடுத்த டைரி சும்மா கிடக்கிறதே என்று தொடங்குகிறேன்.

காலையில் டிபன், வீட்டுக்காரருக்குக் கடைக்கு டப்பா. பிறகு முப்பத்திரண்டாவது அத்தியாயத்தை எழுதி என் தளத்தில் போட்டேன். அப்டேட் என்பதைச் சுருக்கி வாசகிகள் இதை யூடி என்பார்கள். டைரியிலாவது தமிழில் எழுதலாம் என்று பார்த்தேன், கை கேட்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி யூடி. நடுவில் பழைய கதை ஒன்றை அச்சுக்குத் தயார் செய்கிற வேலை. ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குள் அது கையில் இருக்க வேண்டும். அட்டைப்படக்காரரோடு மல்லுக்கட்டுவது, மின்னூலாக மாற்றுவது, “அக்கா அடுத்த யூடி எப்போ” என்று கேட்பவர்களுக்கெல்லாம் இதயம் போடுவது, எல்லாம் நானே. முதலாளியும் நான், திட்டு வாங்கும் வேலைக்காரியும் நான்.

எழுதும்போது என் பெயர் மிருதுளா ஈஸ்வர். வீட்டில் மயிலாத்தாள். குலதெய்வத்தின் பெயர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் மயிலாத்தாள் எழுதிய காதல் கதையை எவள் படிப்பாள்?

உதவிக்கு இருப்பது என் நாத்தனார் தாரணி மட்டும். அவருடைய தங்கை. பிழை திருத்தித் தருவாள். என் பதினோரு நாவல்களில் ஒன்பதில் நாத்தனார்தான் வில்லி. ஒன்பதையும் அவள்தான் திருத்தினாள். ஒற்று விட்டுப் போனதைச் சொல்வாளே தவிர வேறு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் அச்சுத் தாள்கள், நடுவில் ஊறுகாய் ஜாடி. எழுதுகிறவளுக்குத் தனி அறை வேண்டும் என்று அந்த வீடியோக்காரரும் சொன்னார். தெற்கு அறையில் நல்ல வெளிச்சம். தாரணி அதில்தான் படுக்கிறாள்.

கோவையில் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன் தேவை என்று சிநேகிதி பிரேமலதா சொன்னாள். தங்குவது, சாப்பாடு எல்லாம் அங்கேயே. தாரணிக்கு நல்லது. முப்பத்தாறு வயதுப் பெண் எத்தனை நாள்தான் அண்ணன் வீட்டில் இருப்பாள்?

ஜூன் 11, புதன்

தாரணியிடம் விடுதி வேலையைப் பற்றிச் சொன்னேன். “சரிங்கண்ணி” என்றாள். ஆடி பிறந்துவிட்டால் புது வேலையில் சேரக் கூடாது, ஆனிக்குள் சேர்ந்துவிடு என்றேன். அதற்கும் “சரிங்கண்ணி” என்றாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவில்லை.

விடுதிக்காரம்மாவுக்கு நானே போன் செய்து, வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன்.

யூடி போட்டேன். கத்திரிக்காய் கருகிவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

மானம் போயிற்று.

தாரணி பண்ணாரி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் பார்க்காமலே யூடி போட்டேன். புதுக் கதையின் நாயகி அமிழ்தா அழுகிறாள். கணவன் ஆதவன் வந்து கண்ணீரைத் துடைக்க வேண்டும். விக்ரமன் வந்து துடைத்திருக்கிறான். விக்ரமன் அச்சுக்குப் போகிற பழைய கதையின் நாயகன். காலை முழுக்க அவனோடு மாரடித்துவிட்டு அப்படியே இந்தக் கதைக்குள் நுழைந்ததில் அவனும் கூடவே வந்துவிட்டான்.

அட்டைப்படக்காரரோடு போனில் இருந்ததால் மாலை வரை எனக்குத் தெரியாது. கீழே கருத்துகளைப் பார்த்தால் ஒரே கூத்து. “அக்கா, விக்ரமன் செகண்ட் ஹீரோவா?” “கல்யாணம் ஆன பொண்ணை இவன் எதுக்குத் தொடறான்?” “செம ட்விஸ்ட் ரைட்டர் ஜி!” ஆதவனுக்கு இரட்டைச் சகோதரன் இருக்கிறான் என்று ஒருத்தி ஒரு பக்கத்துக்கு விளக்கமே எழுதியிருந்தாள்.

தாரணி குங்குமத்தோடு வந்தாள். போனைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகுதான் திருத்தினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

“ரெண்டு கதையையும் ஒரே மண்டையில ஓட்டுனா இப்படித்தானுங்கண்ணி ஆகும்,” என்றாள் தாரணி, தோசைக்கு ஆட்டிக்கொண்டே. “நீங்க அச்சு வேலையப் பாருங்க. ரேணுகா வர்ற பக்கத்த மட்டும் நான் எழுதித் தரட்டுங்களா?”

“உனக்கு வருமா?”

“ரேணுகா எப்படிப் பேசுவாள்னு எனக்குத் தெரியுமுங்க.”

ரேணுகா இந்தக் கதையின் வில்லி. ஆதவனின் தங்கை. புருஷன் வீட்டை விட்டு வந்து பிறந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கலகம் செய்கிறவள். கடைசியில் அமிழ்தா அவளைப் பெட்டியோடு வெளியே அனுப்புவாள். என் கதைகளில் அதுதான் விசேஷம். வாசகிகள் அந்த அத்தியாயத்துக்காகவே காத்திருப்பார்கள்.

சரி என்றேன். எப்படியும் போகப் போகிறவள், அதுவரை உதவட்டும்.

ஜூன் 18, புதன்

தாரணி எழுதிய ரேணுகா பக்கங்கள் இன்று இரண்டாம் முறையாக வந்தன. வழக்கத்தைவிடக் கருத்துகள் அதிகம். “ரேணுகா பேசறப்ப எங்க வீட்டுல யாரோ பேசற மாதிரியே இருக்கு அக்கா” என்று ஒருத்தி. என் பெயரில்தான் பாராட்டு வருகிறது, இதயம் போட்டேன்.

என் பகுதியும் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தாரணியிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். இன்றைய அத்தியாயத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு ரேணுகா அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். வில்லி நின்றுகொண்டு ரசம் சாதம் சாப்பிட்டால் யாருக்குக் கோபம் வரும்? பரிதாபம்தான் வரும். வந்துவிட்டது. “பாவம் ரேணு” என்கிறார்கள். மூன்று மாதமாக நான் சேர்த்து வைத்த வெறுப்பு ஒரு தட்டு ரசம் சாதத்தில் கரைந்துவிட்டது.

“மாத்திடறனுங்கண்ணி,” என்றாள்.

மத்தியானம் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். தாரணி அடுப்புப் பக்கம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேசை முழுக்க என் தாள்கள் பரப்பிக் கிடக்கின்றன. அதனால் இருக்கும்.

ஜூன் 23, திங்கள்

அட்டையில் இருக்கும் பெண்ணுக்கு மூன்றாவது தடவையாகப் புடவை நிறம் மாற்றச் சொன்னேன். அட்டைப்படக்காரர் போனை எடுப்பதில்லை. யூடி போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

இவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நாள் முழுக்க மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற தொழில். வீட்டுக்கு வந்தாலும் வாயைத் திறக்க யோசிப்பார். இன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

“தாரணி கோயமுத்தூர் போறேன்னு அவளாச் சொன்னாளா?”

“நான் சொன்னேன். சரின்னா.”

“ம்.”

“என்ன ம்?”

“அவ எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவா. தாராபுரத்து மாப்பிள்ளையைப் பாத்தப்பவும் சரின்னுதான் சொன்னா.”

“ஏனுங்க, நான் என்ன அவளைக் கிணத்துலயா தள்ளறேன்? நல்ல வேலைங்க அது.”

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். இப்படிப் பாதியில் விட்டுப் போனால் மீதியை நான் நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

தாரணி தாராபுரத்திலிருந்து திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஏன் வந்தாள் என்று இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுக்கு வாய் அதிகம் என்று அந்த வீட்டார் சொன்னார்கள். அப்போது எனக்கு இரண்டாவது நாவல் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஐந்து யூடி.

ஜூன் 27, வெள்ளி

தாரணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது தெற்கு அறையை டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஜன்னலை ஒட்டி மேசை போடலாம். அலமாரியை நகர்த்தினால் புத்தகக் கட்டுகளும் அடங்கும். கட்டிலை எங்கே போடுவது என்று தெரியவில்லை. சும்மாதான் அளந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

நாளை ஈரோட்டுக்குப் போக வேண்டும். அச்சகத்தில் மாதிரிப் பிரதி தயார். நாள் முழுக்க ஆகிவிடும். நாளைய யூடிதான் ரேணுகாவை வெளியே அனுப்பும் அத்தியாயம். வேறு வழியில்லை, முழுவதையும் தாரணியையே எழுதிப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். எப்படி வர வேண்டும் என்று விளக்கினேன். அமிழ்தா கத்த வேண்டும். ரேணுகா காலில் விழுந்து அழ வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்க வேண்டும்.

“சரிங்கண்ணி” என்றாள்.

ஜூலை 2, புதன்

மாதிரிப் பிரதி நன்றாக வந்திருக்கிறது. கடைசி இரண்டு பக்கங்கள் மட்டும் தலைகீழ். சரி செய்து தருவதாகச் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் யூடியைப் படித்தேன்.

யாரும் கத்தவில்லை. அமிழ்தா ரேணுகாவுக்குக் காபி கொடுத்து, “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்கிறாள். ரேணுகா சரி என்கிறாள். அவ்வளவுதான் சண்டை. பிறகு ரேணுகா துணியை எடுத்து வைக்கிறாள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, மோட்டார் சுவிட்சை எப்படிப் போட்டால் நிற்கும், பால்காரர் எந்தக் கிழமை வர மாட்டார் என்றெல்லாம் அமிழ்தாவுக்குச் சொல்கிறாள். அமிழ்தா போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறாள். ரேணுகா போய்விடுகிறாள். சாயங்காலம் அமிழ்தா பழக்கத்தில் அவளைக் கூப்பிடுகிறாள், பதில் வரவில்லை. அதோடு முடிகிறது.

நான் சொன்னது எதுவுமே இல்லை. ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரக் கூடாது. தூசியில் கண் எரிந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர் கோபியில் இறங்கிய பிறகும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, “படிச்சீங்களாண்ணி?” என்று கேட்டாள். மாதிரிப் பிரதியைக் காட்டினேன். தலைகீழ்ப் பக்கங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜூலை 3, வியாழன்

இத்தனை கருத்துகள் என் எந்தக் கதைக்கும் வந்ததில்லை. “அவளைப் போக விடாதீங்க அக்கா.” “ரேணு புருஷன் வீட்டை விட்டு ஏன் வந்தாள்னு சொல்லவே இல்லையே?” “அமிழ்தாவை எனக்குப் பிடிக்கல.” போன கதைவரைக்கும் நாத்தனாரைத் துரத்து துரத்து என்று கேட்டவர்கள் இவர்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் என்ன ஆயிற்று?

பரவாயில்லை, வாசகிகள் கேட்டதைக் கொடுத்துப் பழகியவள்தான் நான். நாளைய யூடியில் அமிழ்தா பஸ் நிலையத்துக்கு ஓடிப் போய் ரேணுகாவைத் தடுப்பாள். இரண்டு பக்கம் போதும்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு பக்கம் வரவில்லை.

நான் மேசையில் எழுதுகிறேன். தாரணி தெற்கு அறையில் கட்டிலில் உட்கார்ந்து அதே கோப்பைத் தன் போனில் திறந்து வைத்திருப்பாள். நான் எழுத எழுத ஓரத்தில் அவள் குறிப்புப் போடுவாள். எங்கள் வழக்கம் அது. பேச்சே இல்லாமல் வேலை ஓடும்.

முதலில், “போகாதே ரேணுகா, உன் அண்ணன் மனசு உடைஞ்சிடும்” என்று எழுதினேன். ஓரத்தில் குறிப்பு வந்தது: “அண்ணனே வந்து சொல்லலாமேங்கண்ணி.”

அழித்துவிட்டு, “நீ இல்லாம இது வீடாவே இருக்காது” என்று எழுதினேன். “இது நம்ம எல்லாக் கதையிலயும் வருது. இதுக்கு அவ நிக்க மாட்டாளுங்க.”

எனக்கு எரிச்சல் வந்தது. மணி ஆகிக்கொண்டிருந்தது, யூடி எங்கே என்று போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. யோசிக்காமல் தட்டினேன். “நீ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. இதையெல்லாம் இனிமே யார் பார்ப்பா?”

ஓரத்தில் ஒரே சொல் வந்தது. “வேலைக்குங்களா?”

நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அமிழ்தா வீட்டில் சமையலுக்கு ஆள் இருக்கிறது, தோட்டத்துக்கு ஆள் இருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவே மாட்டாள். அது அமிழ்தா பேசியது இல்லை.

இன்னொரு குறிப்பு வந்தது. “இத்தனை அத்தியாயத்துல அமிழ்தா ஒரு தடவகூட ஏன் வந்தேன்னு ரேணுகாவைக் கேக்கவே இல்லீங்களே அண்ணி.”

எழுந்து போனேன். அவள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“தாரணி, தாராபுரத்துல என்ன ஆச்சு?”

நிமிர்ந்து பார்த்தாள். “கதைக்குங்களா?”

“கதைக்கு இல்ல.”

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கட்டிலில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவள் போர்வையை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள்.

“அடிச்சாங்களா, குடிச்சாரான்னு எல்லாரும் கேட்டாங்க. இல்லைன்னேன். அப்ப உனக்கு என்னதான் குறைன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்கண்ணி. அவரு திருப்பூர்ல வேலை, வாரம் ஒருக்கா வருவாரு. அந்த வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஒரு தடவ எனக்குக் காய்ச்சல். மாடி ரூம்ல படுத்துட்டேன். யாரும் வரலை. பாத்ரூம் குழாய்லதான் தண்ணி குடிச்சேன். காய்ச்சல் விட்டு ஒரு நாள் கீழ எறங்கி வந்தேன். மாமனார் பேப்பர் படிச்சுட்டிருந்தாரு. என்னைப் பாத்துட்டு, ‘ஊருக்குப் போயிருந்தியாம்மா, எப்ப வந்தே?’ன்னாரு.”

போர்வையை ஓரமாக வைத்துவிட்டு, “அன்னிக்கே கெளம்பிட்டேன்,” என்றாள். “இதப் போயி யாருகிட்டச் சொல்றதுங்க? இதெல்லாம் ஒரு காரணமா?”

எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக மட்டும் என்று எழுதினால் பொய். இந்த அறையை அளந்தேனே, அதை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. ஆறு வருஷம் இவள் ஒரே கூரையின் கீழ் இருந்தாள். நான் என்றைக்காவது இவளை ஏறிட்டுப் பார்த்தேனா?

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. எதற்காகச் சொல்கிறேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாதபோது எப்படிச் சொல்வது? “போறதும் இருக்கறதும் உன் இஷ்டம் தாரணி. உன்னைக் கேக்காம நான் அந்த அம்மாகிட்டப் பேசுனது தப்பு,” என்றேன்.

மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து கீழே விழுந்தது. “அண்ணி, யூடி?” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“இன்னிக்கு இல்ல.”

நான்கு வருஷத்தில் யூடி போடாத முதல் வெள்ளி.

ஜூலை 5, சனி

திட்டித் தீர்த்திருக்கிறார்கள். பதில் போடவில்லை. தாள்களையெல்லாம் அள்ளி நாற்காலியில் வைத்தேன். மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். “என்ன விசேஷம்?” என்றார் இவர். தாரணி இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

ஜூலை 7, திங்கள்

யூடி போட்டேன். பஸ் நிலையத்தில் அமிழ்தா, ரேணுகாவைப் போகாதே என்று சொல்லவில்லை. “ஏன் வந்தே?” என்று மட்டும் கேட்கிறாள். பஸ் புறப்படப் போகிறது. ரேணுகா பெட்டியைக் கீழே வைக்கிறாள். என்ன சொன்னாள் என்பதை நான் எழுதவில்லை, அது என்னுடையது இல்லை. வாசகிகளுக்குப் பயங்கரக் கோபம். தாரணி ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தாள்.

கோவை பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலையா? பாத்திரம் விழுந்தால்கூடப் பெட்டியை எடுக்கிறாளோ என்று காது அங்கே போகிறது.

ஜூலை 10, வியாழன்

விடுதிக்காரம்மா எனக்குப் போன் செய்தார். “ஆடி பொறக்கப் போகுதுங்களே, திங்கக்கெழமை வந்துருவாங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டா ரூமை ஒதுக்கிருவேன்.”

வர மாட்டாள் என்று சொல்ல வாய் துடித்தது. “அவகிட்டயே கேட்டுக்கங்க,” என்று போனைத் தாரணியிடம் கொடுத்தேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். “வணக்கமுங்க. இல்லீங்க, நான் வரலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இங்க எனக்கு வேலை இருக்குதுங்க.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவள் போனை வைப்பதற்குள் மனசுக்குள் அடுத்த மாத வேலையைப் பங்கு போட்டுவிட்டேன். அச்சுப் பிரதி அவளுக்கு, மின்னூல் எனக்கு, புத்தகத் திருவிழாவுக்கு இரண்டு பேரும்.

போனைத் திருப்பித் தந்தாள். “அண்ணி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. வேலைன்னு சொன்னது உங்க கதைய இல்லீங்க. என்ற சொந்தக் கதைய.”

“எந்தக் கதை?”

“தாராபுரத்துக் கதை. என்ற பேர்லயே எழுதிப் போடலாம்னு இருக்கறனுங்க.”

“அப்ப என் யூடி?”

“உங்களுக்கு எழுத வருமேங்கண்ணி,” என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் பகலில் அவள் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பொய் சொல்வானேன், வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. அவள் நன்றாக எழுதுவாள் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். ஆனாலும் அவள் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறாள் என்பதே பெரிய நிம்மதி. கதவைத் தட்டி என்ன எழுதுகிறாய் என்று கேட்க ஆசையாக இருந்தது. தட்டவில்லை. மேசைக்கு வந்து நாளைய யூடிக்கு நானே பிழை பார்க்க உட்கார்ந்தேன்.